அஞ்சு பேர் கேட்டா பார்சல்!

வேலூரைப் பற்றி ஒரு பழைய நக்கல் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று ஊர்க்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். இதில் ஒன்று 1981-ல் அடிபட்டுப் போனது. அந்த வருஷம்தான் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குள் மறுபடி குடியேறினார். பட்டியலில் ஒரு இடம் காலி! அதற்கு என் சிபாரிசு... புத்தகம் இல்லாத புத்தகக் கடை!

சந்தேகம் இருந்தால் ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு என்று எந்த ஊர் பஜாரிலும் ஒரு நடை போய்ப் பாருங்கள். வாசலில் ‘புக் சென்டர்’ என்று போர்டு தொங்கும். உள்ளே கோடு போட்ட நோட்டு, கோடு போடாத நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ், பத்தாம் வகுப்பு கைடு, டி.என்.பி.எஸ்.சி. வினா-விடை, அட்டை போட பிரவுன் ஷீட். கண்ணாடி பீரோவின் மேல்தட்டில் மட்டும் ஒரு வரிசை - சமையல், ஜோசியம், கோலம், முப்பது நாளில் ஹிந்தி. நடுவே தப்பித்தவறி ஒரு ‘பொன்னியின் செல்வன்’ கண்ணில் படும். ஆசையாக எடுத்தால்... மூன்றாம் பாகம் மட்டும்!

கடைக்காரரைக் கோபித்துக் கொள்ளாதீர்கள். அவருக்கு ஜூன் மாசம்தான் தீபாவளி. பள்ளிக்கூடம் திறந்து பத்து நாளில் விற்கிற நோட்டுதான் வருஷம் முழுக்கக் கடை வாடகையைக் கட்டுகிறது. நாவலும் கவிதையும் அந்த வீட்டில் ஒண்டுக் குடித்தனம்.

ஆனால், அந்த ஒண்டுக் குடித்தனத்துக்கும் ஒரு சீசன் இருக்கிறது.

லண்டனிலும் நியூயார்க்கிலும் இலை உதிர்கிற செப்டம்பர், அக்டோபரில்தான் பெரிய பெரிய புத்தகங்களை இறக்குவார்கள். கிறிஸ்துமஸ் பரிசு வியாபாரம்தான் குறி. நமக்கு ஏது சார் இலையுதிர் காலம்? வேலூர் வெயிலில் இலை உதிர்வது முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி ஏறினால்தான்! இருந்தாலும் ஐப்பசி பிறந்தால் தீபாவளி மலர்கள், மார்கழியில் புதுப் புத்தகங்கள், தையில் சென்னைப் புத்தகக் காட்சி என்று தமிழுக்கும் ஒரு ‘ரிலீஸ்’ காலண்டர் உண்டு.

இந்தக் காலண்டரை எழுதியதே சென்னைப் புத்தகக் காட்சிதான். 1977-ல் அண்ணா சாலை மதரஸா-ஐ-ஆஸம் பள்ளி வளாகத்தில் 22 கடைகளோடு தொடங்கியது. 2024-ல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சுமார் 900 கடைகள்! அங்கே புது அட்டையோடு நிற்க வேண்டும் என்பதற்காகவே பதிப்பாளர்கள் மார்கழிக் குளிரில் தூங்காமல் அச்சகத்தில் குடியிருப்பார்கள். பைண்டிங் பசை காயாமலே புத்தகம் கடைக்கு வந்துவிடும். வருஷத்தில் எழுதியதெல்லாம் இந்த இரண்டரை மாசத்தில் கொட்டுகிறது.

சென்னையில் கொட்டுகிறது, சரி. ஆம்பூருக்கு எத்தனை சொட்டு வருகிறது?

இங்கேதான் அந்தச் சரித்திரப் புகழ் பெற்ற உரையாடல் நடக்கும். எந்தச் சின்ன ஊர் புத்தகக் கடையிலும் கேட்கலாம்.

“பாய், போன மாசம் ஒரு நாவல் கேட்டனே... வந்துச்சா?”

“வரும்பா. அஞ்சு பேரு கேட்டா பார்சல் போட்டுக்கலாம். நீ ஒருத்தன்தான கேக்கற?”

சிரிக்காதீர்கள். இது சோம்பேறித்தனம் இல்லை, சுத்தமான கணக்கு. 300 ரூபாய் புத்தகம் என்று வையுங்கள். பதிப்பாளர் கடைக்காரருக்குக் கொடுக்கும் கழிவு பொதுவாக 25-லிருந்து 35 சதவீதம். நடுவே 30 என்றால் 90 ரூபாய். ஒரே ஒரு பிரதியை வரவழைத்தால் அந்த 90-ல் பெரிய துண்டைப் பார்சல் சார்ஜே சாப்பிட்டுவிடும். மிச்சத்தில் வாடகை, கரன்ட் பில், பையனுக்குச் சம்பளம். அஞ்சு பிரதி ஒரே கட்டாக வந்தால் சார்ஜ் ஐந்தாகப் பிரிந்து, கையில் ஏதோ நிற்கும். ஆசைப்பட்டு அவராகவே அஞ்சு வாங்கி வைத்து, யாரும் வராவிட்டால்? ராமபாணப் பூச்சி மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ரசித்துப் படிக்கும்!

ஆன்லைனில் 20 சதவீதம் தள்ளுபடி, வீட்டு வாசலில் டெலிவரி. நானும் வாங்குகிறேன், நீங்களும் வாங்குகிறீர்கள். தப்பு ஒன்றும் இல்லை. ஒரு விஷயம் மட்டும்... என்ன வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் ஆன்லைன் சௌகரியம். என்ன வேண்டும் என்றே தெரியாத பதினெட்டு வயசுப் பையனுக்கு, நோட்டு வாங்க வந்த இடத்தில் கண்ணில் படுகிற அந்த மேல்தட்டுதான் ஒரே வழி.

அந்தத் தட்டில் எதை வைக்கலாம் என்று யோசித்தால் இந்த தோல் பெல்ட்டிலேயே சரக்கு இருக்கிறது.

திருப்பத்தூர் தாலுகா ஆபீஸில் ஒரு இளம் குமாஸ்தா இருந்தார். உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டார். தமிழ் படித்து, 1935-ல் வித்வான் தேர்வில் மாநிலத்தில் முதலாவதாக வந்தார். 1946-ல் தன் முதல் நாவல் ‘செந்தாமரை’யைத் தானே வெளியிட்டார். பிற்பாடு ‘அகல் விளக்கு’ நாவலுக்கு 1961-ம் வருஷ சாகித்ய அகாடமி பரிசு. அப்புறம் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ஆமாம், நம்ம மு.வ.தான்! ஃபைலைப் புரட்டிக்கொண்டு ‘நாம எங்கே சார் எழுதப் போறோம்’ என்று பெருமூச்சு விடும் ஆபீஸ் நண்பர்கள் இந்தப் பாராவை இன்னொரு முறை படிக்கலாம்.

வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் தொடங்கியது. அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான். ‘ஆலாபனை’க்கு 1999-ல் சாகித்ய அகாடமி பரிசு. பேரணாம்பட்டுப் பக்கம் வந்தால் அழகிய பெரியவன். பள்ளிக்கூட ஆசிரியர். ‘தகப்பன் கொடி’ நாவலில் இந்த மண்ணின் சேரி மக்களை எழுதியவர். தொழிலைப் பற்றியே வேண்டுமா? டி.செல்வராஜின் ‘தோல்’ இருக்கிறது. திண்டுக்கல் தோல் ஷாப் தொழிலாளர்களின் கதை, 2012-ல் சாகித்ய அகாடமி பரிசு. ஊர்தான் வேறே... ஆம்பூர்க்காரன் படித்தால் சுண்ணாம்புத் தொட்டி வாடை அடையாளம் தெரியும்.

இன்னொரு எழுத்தும் உண்டு. பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவுக்காக வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட்டில் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பு. ‘மாசுபடுத்தினவனே காசு கொடுக்கணும்’ என்கிற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது அது. நாடு முழுக்க சட்டக் கல்லூரிகளில் வேலூர் பெயர் சொல்லிப் பாடம் நடக்கிறது. நம் தெருவைப் பற்றி ஊரெல்லாம் படிக்கிறது... நம் தெருவில் படிக்கிறோமா?

சரக்கு இருக்கிறது, சீசன் இருக்கிறது. இல்லாதது அந்த அஞ்சு பேர்தான். அவர்களை எங்கே பிடிப்பது?

கூட்டம் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஆனால், நம்மூர் புத்தக வெளியீட்டு விழா உங்களுக்குத் தெரியாததா? மாலை ஆறு மணி என்று அழைப்பிதழ், ஏழேகாலுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து. மேடையில் பதினான்கு பேர், கீழே பன்னிரண்டு பேர். பொன்னாடை போர்த்தவே அரை மணி. வாழ்த்துரை வழங்குபவர், “நூலை முழுவதும் படிக்க நேரமில்லை, அட்டை பிரமாதம்” என்று முடிப்பார். நூலாசிரியர் ஏற்புரைக்கு எழும்போது சீட்டு வரும் - ‘நேரமின்மை, சுருக்கவும்’. வெளியே மேஜையில் புத்தகக் கட்டு பிரிக்காமலே திரும்பி ஆட்டோ ஏறும்!

இதே ஊரில் முஷாயிராவுக்குப் போய்ப் பாருங்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருதுக் கவியரங்கம் என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் களை கட்டும். கவிஞர் ஒரு அடி சொல்வார். கூட்டம் ‘வாஹ் வாஹ்’ என்று எழும்பும். நல்ல அடி என்றால் ‘முகர்ரர்’ என்று குரல் வரும். இன்னொரு தடவை சொல்லுங்க என்று அர்த்தம். அவரும் சொல்லித்தான் ஆக வேண்டும். பகலெல்லாம் தோல் மண்டியில் விலை பேசிய மனுஷர், நடுராத்திரியில் ஒரு உவமைக்குத் தொடையைத் தட்டுவார். அப்துல் ரகுமான் வாணியம்பாடியில் ‘கவிராத்திரி’ என்று தமிழிலேயே நடத்திக் காட்டினார். கேட்கிற காது இந்த ஊருக்குப் பழசு. ‘இந்த ஊர்ல யார் சார் வருவாங்க’ என்று சொல்பவர்கள், ராத்திரி எட்டு மணிக்கே படுத்துவிடுகிறவர்கள் என்று அர்த்தம்.

பக்கத்திலேயே முன்மாதிரியும் இருக்கிறது. 1989-ல் மாவட்டம் பிரியும் வரை நம் வட ஆற்காட்டோடு இருந்த ஊர் திருவண்ணாமலை. மின்வாரியத்தில் வேலை பார்த்த பவா செல்லதுரையும் நண்பர்களும் அங்கே ‘முற்றம்’ என்று இலக்கியக் கூட்டங்கள் நடத்தினார்கள். எழுத்தாளர்கள் பஸ் பிடித்து வந்து பேசினார்கள், ஜனம் உட்கார்ந்து கேட்டது. பவாவும், மலையாளத்திலிருந்து மொழிபெயர்க்கும் அவர் மனைவி கே.வி.ஷைலஜாவும் நடத்தும் ‘வம்சி புக்ஸ்’ பதிப்பகம் அந்த ஊரிலிருந்தேதான் புத்தகம் போடுகிறது. சென்னை அட்ரஸ் தேவைப்படவில்லை. பவா சொல்லும் கதைகள் பிற்பாடு யூடியூபில் உலகம் சுற்றின. (2023-ல் பிக் பாஸ் வீட்டுக்குப் போன பவா, சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். கதை கேட்க அங்கே ஆள் பத்தாதோ என்னவோ!)

கோவையில் விஜயா பதிப்பகம் வேலாயுதம், எழுத்தாளர்களை வாசகர்கள் முன்னால் உட்கார வைத்தே வாசகர் வட்டம் வளர்த்தவர். சென்னை கே.கே.நகரில் வேடியப்பனின் ‘டிஸ்கவரி புக் பேலஸ்’ சாயங்காலக் கூட்டங்களுக்குப் பெயர் வாங்கியது. மூன்று இடத்திலும் சூத்திரம் ஒன்றுதான் - காதில் விழுந்தது, கையில் கிடைக்க வேண்டும். பேச்சுக் கேட்டு உருகியவன் செருப்பை மாட்டுவதற்குள் புத்தகம் எதிரே இருக்க வேண்டும். மறுநாள் காலை என்றால் ஆபீஸ் ஞாபகம் வந்துவிடும்!

“அதான் கவர்மென்டே மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா நடத்துதே?” என்பீர்கள். நல்ல காரியம். 2022-ல் அறிவித்து எல்லா மாவட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள். 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்ததில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று நம் பக்கம் மாவட்டமும் பெருகிவிட்டது. ஆற்றின் பெயரில் இலக்கியத் திருவிழா என்று பொருநை, சிறுவாணி, காவிரி, வைகை எல்லாம் முதல் வரிசையில் வந்தன; பாலாறு அதில் இல்லை. தண்ணி வந்தால்தான் மைக் வரும்போல! போகட்டும்... திருவிழா என்பது தேர். வருஷத்தில் சில நாள் வரும், தள்ளுமுள்ளோடு பார்ப்போம், போய்விடும். தேர் நிலைக்கு வந்த பிறகு தினசரி விளக்கேற்ற ஒரு சின்னக் கோயில் வேண்டாமா? தெருமுனைப் புத்தகக் கடை அதுதான்.

ஆகவே, ஏலகிரி எக்ஸ்பிரஸில் சீசன் டிக்கெட்டோடு செல்போனைத் தேய்த்துக்கொண்டு போகும் தம்பிகளே, ஷூ கம்பெனி அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் அண்ணன்களே... ஒரு சின்ன யோசனை. ஒரே பெட்டியில் போகும் அஞ்சு பேர் சேருங்கள். மாசத்துக்கு ஒரு புத்தகம் முடிவு செய்யுங்கள். அஞ்சு பெயரையும் ஒரே சீட்டில் எழுதி பாயிடம் கொடுங்கள். பார்சல் வந்த ஞாயிற்றுக்கிழமை, கடை ஷட்டருக்கு முன்னால் நாலு ஸ்டூல், ஒரு டீ, ஒரு மணி நேரப் பேச்சு. பொன்னாடை வேண்டாம். தலைமை வேண்டாம். வேடிக்கை பார்க்க வருகிற ஆறாவது ஆள்தான் அடுத்த மாச வாடிக்கையாளர்.

காசா? தீபாவளி போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம். மாசச் சம்பளத்தில் 7,000 ரூபாயைக் கணக்கில் வைத்துப் போட்டால் வருஷத்துக்கு ஏறக்குறைய 7,000 ரூபாய் வரும். அதில் எட்டு சதவீதத்தை அப்படியே வீட்டில் கொடுத்துவிடுங்கள் - துணி, பட்டாசு, மகராசியாக நடக்கட்டும். புள்ளிக்குப் பின்னால் நிற்கும் அந்த .33 மட்டும் உங்களுக்கு. 277 ரூபாய் வருகிறது. ஒரு நாவல் தாராளமாகக் கிடைக்கும்.

மூன்றாம் பாகம் மட்டும் வாங்கிவிடாதீர்கள்!