முத்திரை விலை கூடினால் லயத்துக்கு எப்போது தெரியும்?

"இப்போ எல்லார் கையிலும் போன் இருக்குதே, கடிதம் யாருங்க எழுதுறாங்க?" என்று சிலர் எங்களிடம் கேட்கிறார்கள். சொந்தக்காரருக்கு எழுதுவது குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் பிறப்புச் சான்றிதழ் பிரதி, ஊழியர் சேமலாப நிதி, பிள்ளைகளின் வேலை விண்ணப்பம் என்று வந்தால் நமக்கு இன்னும் தபால் வேண்டும்.

2022 ஆகஸ்ட் 15ஆம் திகதி சாதாரண கடிதத்தின் தபால் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாகியது. பல விண்ணப்பங்களோடு நமது விலாசம் எழுதி முத்திரை ஒட்டிய உறை ஒன்றையும் வைக்கச் சொல்வார்கள். போக ஒரு முத்திரை, வர ஒரு முத்திரை. முன்பு 30 ரூபாவில் முடிந்தது 100 ரூபாவாகியது. அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளமே 1000 ரூபாதான்.

அந்த நாட்களில் ஒரு தாய் எங்களிடம் வந்தார். இறந்துபோன கணவரின் சேமலாப நிதி விடயமாக அவர் அனுப்பிய கடிதம் இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்திருந்தது. பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த 15 ரூபா முத்திரையைத்தான் ஒட்டியிருக்கிறார். "கூடினது எனக்கு யாரும் சொல்லலீங்களே" என்றார். அவர் மேல் என்ன பிழை?

தபால் கட்டணம் மாறுவதென்றால் அரசாங்கம் வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். வர்த்தமானி தமிழிலும் வருகிறது. ஆனால் விடியற்காலை பிரட்டுக்குப் போய், மாலை கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்புகிறவர் அதை எங்கே பார்ப்பார்? செய்தி வந்த சில நாட்களிலேயே புதுக் கட்டணம் நடைமுறைக்கு வந்துவிட்டால், டவுனில் இருப்பவர் சமாளித்துக்கொள்வார். மேல் டிவிசனில் இருப்பவருக்கு அது போய்ச் சேருவதற்குள் கடிதம் பெட்டியில் விழுந்துவிடும்.

ஆகையால் கட்டணம் கூட்டும்போது ஒரு மாதமாவது முன்னதாகச் சொல்லுங்கள் என்று கேட்பது நமது நியாயமான உரிமை. அறிவித்தல் தமிழில், பெரிய எழுத்தில், உப தபாற்கந்தோர் வாசலிலும் தோட்ட ஆபீஸ் பலகையிலும் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகப் பிரட்டுக்களத்தில் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் போதும். இரண்டு நிமிட வேலை. தோட்ட கமிட்டித் தலைவர்மார் இதைத் துரையிடமும் தபால் அதிபரிடமும் கேட்கலாம். எழுத்தில் கேட்டால் இன்னும் நல்லது.

அதுவரைக்கும், முக்கியமான கடிதத்தை வீட்டிலேயே முத்திரை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். தபாற்கந்தோரில் கொடுத்து நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 20 கிராமுக்கு மேல் போனால் கட்டணம் கூடும். இரண்டு மூன்று போட்டோ பிரதி வைத்தாலே கனம் ஏறிவிடும். குறைந்த முத்திரையோடு போனால் வாங்குகிறவர் தண்டம் கட்ட நேரிடும், அவர் மறுத்தால் கடிதம் திரும்பிவிடும். வீட்டில் பழைய 15 ரூபா முத்திரை கிடந்தால் எறிய வேண்டாம். குறையும் பெறுமதிக்கு வேறு முத்திரை சேர்த்து ஒட்டினால் அதுவும் செல்லும்.