பிறர் கையில் ஐரோப்பாவின் அடுப்பும் வாளும்

2022-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 24-ந் தேதி ருஷியப் படைகள் உக்ரேன் எல்லையைக் கடந்து உள்ளே புகுந்தன. அதற்கு ஒரு மாதத்திற்கு முன்னர், ஆயுத சகாயம் வேண்டுமென்று கேட்டு நின்ற உக்ரேனுக்கு ஜெர்மன் சர்க்கார் அளிக்க முன்வந்தது என்ன தெரியுமா? போர்வீரர் அணியும் தலைக்கவசங்கள் 5,000. பீரங்கி இல்லை, துப்பாக்கியும் இல்லை. கீவ் நகரத்து மேயர் இதை வெறும் பரிகாசம் என்றார். நமக்கு அது பரிகாசமாகத் தோன்றவில்லை. அடுப்புக்கு வேண்டிய எரிபொருளை ஒருவனிடமும் வீட்டுக் காவலை மற்றொருவனிடமும் ஒப்புவித்துவிட்ட குடித்தனக்காரனுக்குக் கை எவ்வளவு தூரம் நீளக்கூடுமோ, அவ்வளவு தூரமே அன்று ஜெர்மனியின் கையும் நீண்டது.

ஐரோப்பிய யூனியனைச் சேர்ந்த 27 நாடுகளில் ஏறக்குறைய 45 கோடி ஜனங்கள் வசிக்கின்றனர். ருஷியாவின் ஜனத்தொகையோ 14 கோடிக்குச் சற்று மேற்பட்டது. செல்வத்திலும், தொழிலிலும், கல்வியிலும் யூனியனுக்கும் ருஷியாவுக்கும் உள்ள தூரம் இன்னும் அதிகம். அப்படியிருக்க, பெரியது சிறியதைக் கண்டு கலங்குவானேன்? இப்பொழுது ஆளுகிற மந்திரிகளின் கோழைத்தனமே காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமானதன்று. இந்த நோய்க்கு வயது எழுபதுக்கு மேல் ஆகிறது. 

வாளைப் பற்றி முதலில் பேசுவோம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஐந்து வருஷங்கள் சற்று முன்புதான் நிறைந்திருந்தன. 1950-ஆம் வருஷம் அக்டோபரில் பிரெஞ்சுப் பிரதம மந்திரி பிளெவன் ஒரு யோசனையை வெளியிட்டார். ஐரோப்பிய நாடுகள் தனித்தனியே சேனை வைத்துக்கொள்வதை விட்டு, ஒரே ஐரோப்பிய சேனையை ஒரே அதிகாரத்தின் கீழ் அமைக்க வேண்டும் என்பது அது. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் 1952 மே மாதத்தில் பாரிஸ் நகரில் அதற்கு உடன்படிக்கையும் செய்துகொண்டன. ஆனால் யோசனை எந்த நாட்டில் பிறந்ததோ அந்த நாட்டின் பார்லிமெண்டே, 1954 ஆகஸ்டு 30-ந் தேதி, 264-க்கு எதிராக 319 வோட்டுகளால் அதைக் குழிதோண்டிப் புதைத்தது. பிரெஞ்சு சேனையின் கௌரவத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று எதிர்த்தவர்கள் எழுந்து நின்று தங்கள் தேசிய கீதத்தைப் பாடினர். மறு வருஷமே ஜெர்மனி அமெரிக்கத் தலைமையிலுள்ள அட்லாண்டிக் உடன்படிக்கையில், அதாவது நேட்டோவில், சேர்க்கப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரனை நம்பி ஒன்றாய் வாழ மனமில்லாதவர்கள், கடலுக்கு அப்பாலிருந்து வந்த காவற்காரனிடம் சாவியைக் கொடுத்து நிம்மதியாய்த் தூங்கப் போனார்கள் என்றே நாம் இதைச் சொல்வோம்.

அந்தத் தூக்கத்தில் சுகம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. சேனைக்குச் செலவாக வேண்டிய பணம் பள்ளிக்கூடங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் போயிற்று. ஆனால் காவற்காரன் யஜமானனாக மாறக்கூடும் என்பதற்கு அடையாளமும் சீக்கிரத்திலேயே கிடைத்தது. 1956-இல் சூயஸ் கால்வாயைக் கைப்பற்றப் பிரிட்டனும் பிரான்ஸும் படையெடுத்தபோது, அமெரிக்கா பணச் சந்தையில் பிரிட்டனுடைய கழுத்தைப் பிடித்தது. படைகள் வந்த வழியே திரும்பின. அந்தப் படையெடுப்பு அநியாயமானது. அது முறிந்ததில் நமக்கு வருத்தமில்லை. எனினும் அதிலிருந்து பாரிஸ் ஒரு பாடமும் லண்டன் அதற்கு நேர்மாறான பாடமும் கற்றுக்கொண்டன. பிரான்ஸ் தன் சொந்த அணுகுண்டைத் தேடிப் போயிற்று. பிரிட்டன் அமெரிக்காவை இன்னும் நெருங்கி நின்றது.

இனி அடுப்பின் கதை. 1970 பிப்ரவரி முதல் தேதி எஸ்ஸன் நகரத்தில் மேற்கு ஜெர்மனியரும் ஸோவியத் ருஷியரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். ஜெர்மனி எஃகுக் குழாய்களைத் தரும். அதற்கு வேண்டிய கடனை ஜெர்மன் பாங்கிகள் கொடுக்கும். ருஷியா அதே குழாய்களின் வழியே எரிவாயுவை அனுப்பும். வியாபாரம் வளர்ந்தால் விரோதம் தேயும் என்பது அவர்களுடைய கொள்கை. இதை முழு மூடத்தனம் என்று இன்று ஏளனம் செய்வோர் பலர். நாம் அவர்களோடு சேரமாட்டோம். வல்லரசுகள் இரண்டும் ஒன்றையொன்று அணுகுண்டு காட்டி மிரட்டிக்கொண்டிருந்த காலத்திலும் அந்த வாயு நின்றதில்லை. 1982-இல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் குழாய் வேலையைத் தடுக்க முயன்றபோது, அவருடைய அத்யந்த சிநேகிதியான திருமதி தாட்சர்கூட அவரை எதிர்த்தார்.

பிழை ஆரம்பத்தில் இல்லை. பிந்திய காலத்தில்தான் நேர்ந்தது. பால்டிக் கடலின் அடியில் 1,200 கிலோ மீட்டருக்கு மேல் நீளமுள்ள நார்ட் ஸ்ட்ரீம் என்ற குழாய் 2011-இல் திறக்கப்பட்டது. வருஷத்திற்கு 5,500 கோடி கன மீட்டர் வாயு அதில் வரலாம். போலந்தையும் உக்ரேனையும் தொடாமல் ருஷியாவிலிருந்து நேரே ஜெர்மனிக்கு வருவதே அதன் விசேஷம். இந்த ஏற்பாடு 1939-இல் ஹிட்லரும் ஸ்டாலினும் போலந்தின் தலைக்கு மேல் செய்துகொண்ட உடன்படிக்கையை ஒத்தது என்று போலந்து மந்திரி ஸிகோர்ஸ்கி 2006-லேயே ஆத்திரத்தோடு சொன்னார். பெர்லினில் அதை மிகைப்பேச்சு என்று தள்ளினர். 2014-இல் ருஷியா கிரைமியாவைக் கவர்ந்துகொண்டது. அப்பொழுதாவது கண் திறந்ததா? இல்லை. மறு வருஷமே அதே கடலில் இரண்டாவது குழாய்க்கு ஒப்பந்தமாயிற்று! 2021-இல் ஐரோப்பிய யூனியன் வெளியிலிருந்து வாங்கிய எரிவாயுவில் நூற்றுக்கு 45 பங்கு ருஷியாவினுடையது. வாங்குகிறவன் இருப்பதால் விற்கிறவன் கட்டுப்பட்டிருப்பான் என்று எண்ணினர். விற்கிறவனுக்கு லாபத்தைவிட வேறொன்று பெரிதாக இருக்கக்கூடும் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை.

யுத்தம் மூண்ட மூன்றாம் நாள், பிப்ரவரி 27-ந் தேதி, ஜெர்மன் சான்ஸலர் ஹெர் ஷோல்ஸ் பார்லிமெண்டில் எழுந்து, யுகம் மாறிவிட்டது என்று அறிவித்து, சேனைக்கென 10,000 கோடி யூரோ ஒதுக்கினார். முதல் குழாயில் வாயு அந்தக் கோடைகாலத்தில் குறைந்து குறைந்து முடிவில் நின்றுபோயிற்று. செப்டம்பர் 26-ந் தேதி கடலுக்கடியில் குழாய்கள் வெடித்தன. 2021-ஆம் வருஷத் தொடக்கத்தில் 20 யூரோ அளவில் விற்ற அதே எரிவாயு, 2022 ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டிற்று.

இந்த விலை ஏற்றம் என்ன செய்தது என்பதை ஓர் ஊரைக் கொண்டு காட்டலாம். ரைன் நதிக்கரையிலுள்ள லூட்விக்ஸ்ஹாபென் நகரத்தின் ஓரத்தில்தான், 1913-இல், காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அமோனியாவைப் பெருவாரியாகச் செய்யும் தொழில் உலகிலேயே முதன்முதலாகத் தொடங்கியது. இன்று உலகம் உண்ணும் சோற்றில் பெரும்பங்கு அந்த அமோனியாவிலிருந்து வரும் உரத்தால் விளைவது. எரிவாயு இல்லாமல் அங்கே அமோனியா இல்லை. 2023 பிப்ரவரியில் பி.ஏ.எஸ்.எப். கம்பெனியார் அந்த ஊரிலுள்ள தங்கள் அமோனியா ஆலைகள் இரண்டில் ஒன்றை மூடுவதாகவும், ஏறக்குறைய 2,600 வேலை ஸ்தானங்களைக் குறைப்பதாகவும் அறிவித்தனர். அதே கம்பெனியார் அதே காலத்தில் தென் சீனாவில் ஜான்ஜியாங் என்னுமிடத்தில் பெரியதொரு தொழிற்சாலைத் தொகுதியைக் கட்டிக்கொண்டிருந்தனர். ஆலை மூடிய ஊர்களில் தொழிலாளர் யாருக்கு வோட்டளிப்பார்கள் என்பதே இப்பொழுது ஜெர்மன் கட்சிகளுக்கெல்லாம் பெரிய கவலை.

ஐரோப்பியர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்ல நியாயமில்லை. வட கடல் துறைமுகமான வில்ஹெல்ம்ஸ்ஹாபெனில், கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்குவதற்கு வேண்டிய துறையைப் பத்தே மாதங்களில் கட்டி, 2022 டிசம்பரில் திறந்துவிட்டனர். சாதாரண காலத்தில் மனுவுக்கு முத்திரை வாங்குவதற்கே அங்கே அத்தனை காலம் ஆகியிருக்கும்! ருஷிய வாயுவின் பங்கு 2024-இல் நூற்றுக்கு 19 ஆகக் குறைந்தது. 2027-க்குள் அடியோடு நிறுத்துவதென்று சட்டமும் செய்தாயிற்று. (ருஷிய மண்ணெண்ணெய்க் கிணறுகளின் எண்ணெய் குஜராத்தில் சுத்தி செய்யப்பட்டு டீசலாக ஐரோப்பாவுக்கே போய்ச் சேர்ந்ததும், அதை வாங்கிக்கொண்டே நமக்கு அவர்கள் நீதி போதித்ததும் தனிக் கதை.)

ஆனால் கப்பலில் வரும் அந்த வாயு எங்கிருந்து வருகிறது? 2024-இல் யூனியன் இறக்கிக்கொண்ட திரவ எரிவாயுவில் பாதிக்குச் சற்றுக் குறைவானது அமெரிக்காவினுடையது. அடுப்பும் வாளும் இரண்டு பேரிடம் இருந்த நிலை மாறி, அடுப்பின் ஒரு பெரும்பங்கும் வாளோடு ஒரே கைக்குப் போய்ச் சேர்ந்தது. இதன் பலனை 2025-இல் கண்டோம். பிப்ரவரி 28-ந் தேதி வெள்ளை மாளிகையில் உலகத்தார் பார்க்க உக்ரேன் ஜனாதிபதி ஜெலென்ஸ்கியை அவமதித்து அனுப்பிய மிஸ்டர் டிரம்ப், சில தினங்களில் ஆயுத சகாயத்தையும் சிறிது காலம் நிறுத்தி வைத்தார். ஜூலை 27-ந் தேதி ஐரோப்பிய யூனியன் தலைவி அம்மையார் பான் டெர் லேயென், ஸ்காட்லாந்தில் டிரம்புக்குச் சொந்தமான கோல்ப் மைதானத்திற்கே போய், ஐரோப்பியச் சரக்குகளில் பெரும்பாலானவற்றின்மீது நூற்றுக்கு 15 சுங்கவரியை ஒப்புக்கொண்டு, 75,000 கோடி டாலருக்கு அமெரிக்க எரிபொருள் வாங்குவதாகவும் சொல்லிவிட்டு வந்தார். வரி விஷயத்தில் எதிர்த்து நின்றால் உக்ரேன் விஷயத்தில் காவற்காரன் கைவிட்டுவிடுவானோ என்ற பயமே அந்த மேஜையில் பேசாமல் உட்கார்ந்திருந்த மூன்றாவது ஆள். அதே டிரம்ப்தான், நேட்டோவை ஸ்தாபித்த நாடுகளில் ஒன்றான டென்மார்க்கிடமிருந்து கிரீன்லாந்து அமெரிக்காவுக்கு வேண்டுமென்று பிடிவாதம் செய்து வந்தவர்.

சீனாவின் பிடியோ சப்தமில்லாதது. மோட்டார்களுக்கும் ஏவுகணைகளுக்கும் வேண்டிய அருமண் காந்தங்கள் ஐரோப்பாவுக்கு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்தே வருகின்றன. 2025 செப்டம்பர் முடிவில், சீனருக்குச் சொந்தமான நெக்ஸ்பீரியா என்ற சில்லுக் கம்பெனியை டச்சு சர்க்கார் தன் கண்காணிப்பில் கொண்டுவந்தது. சீனா உடனே அக்கம்பெனியின் டோங்குவான் ஆலையிலிருந்து சரக்கு வெளியேறுவதைத் தடுத்தது. சில காசு பெறாத அந்தச் சில்லுகள் இல்லாமல் கார் ஆலைகள் தத்தளித்தன. நவம்பரில் டச்சு சர்க்கார் தன் உத்தரவை நிறுத்தி வைத்துவிட்டது.

நிற்க, பணத்தைக் கொட்டினால் வாள் வந்துவிடுமா? 2023 மார்ச்சில் ஒரு வருஷத்திற்குள் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக யூனியன் உக்ரேனுக்கு வாக்களித்தது. குறித்த காலத்தில் போய்ச் சேர்ந்தவை பாதியளவே. ஹெர் டிராகி அல்ல, இத்தாலியரான ஸின்யோர் டிராகி, 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் காரணத்தை விளக்கியிருக்கிறார். அமெரிக்கா ஒரே ஜாதி யுத்த டாங்கியை வைத்திருக்க, ஐரோப்பியர் பன்னிரண்டு ஜாதிகளை வைத்திருக்கின்றனர். 2022 நடுவிலிருந்து ஒரு வருஷத்தில் ஆயுதம் வாங்கச் செலவிட்டதில் நூற்றுக்கு 63 பங்கு அமெரிக்கக் கம்பெனிகளுக்குப் போயிற்று. பெயர் தெரியாமல் போன அந்த 1954-ஆம் வருஷத்து வோட்டு இன்றும் எண்ணப்பட்டுக்கொண்டிருக்கிறது.

2025 ஜூனில் ஹேக் நகரத்தில், 2035-க்குள் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 5 பங்கை ராணுவத்திற்கும் அதைச் சார்ந்தவற்றிற்கும் செலவிடுவதென்று நேட்டோ நாடுகள் ஒப்புக்கொண்டன. ருஷியாவைப் பக்கத்து வீடாகக் கொண்ட போலந்து இதைத் தயங்காமல் செய்யும். தூரத்திலுள்ள ஸ்பெயினோ முடியாதென்று அப்பொழுதே சொல்லிவிட்டது. பிரான்ஸில் 2024 டிசம்பரிலும் 2025 செப்டம்பரிலும் இரண்டு மந்திரிசபைகள் வரவு செலவுத் தகராறிலேயே கவிழ்ந்தன. பென்ஷனைக் குறைத்துப் பீரங்கி வாங்குவதாகச் சொல்லி எந்த மந்திரி ஜனங்களிடம் வோட்டுக் கேட்பார்?

2025 டிசம்பர் 18-ந் தேதி 27 நாட்டுத் தலைவர்களும் பிரஸ்ஸெல்ஸில் கூடினர். யுத்தம் மூண்டவுடன் முடக்கப்பட்ட ருஷிய சர்க்கார் பணம் ஏறக்குறைய 21,000 கோடி யூரோ ஐரோப்பாவில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி அந்த நகரத்திலேயே உள்ள யூரோகிளியர் என்ற ஸ்தாபனத்தில். அதை ஆதாரமாக வைத்து உக்ரேனுக்குக் கடன் தரலாம் என்பது யோசனை. நாளை ருஷியா வழக்காடி வென்றால் நாம் மட்டும் ஏன் அழிய வேண்டும், எல்லோரும் ஜாமீன் நில்லுங்கள் என்றது பெல்ஜியம். எல்லையற்ற ஜாமீன் நிற்க மற்றவர்கள் துணியவில்லை. விடிய விடியப் பேசி, அந்தப் பணத்தைத் தொடாமல், தாங்களே சந்தையில் 9,000 கோடி யூரோ கடன் வாங்கிக் கொடுப்பதென்று தீர்மானித்தனர். ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் செக் நாடும் அந்தக் கடன் பாரத்தில் பங்கு கொள்ளாமல் விலகிக்கொண்டன. கடன் 2026, 2027 ஆகிய இரண்டு வருஷங்களுக்கு. தீர்மானமான ஒரு மாதத்திற்குள்ளேயே, அந்தப் பணத்தில் வாங்கும் ஆயுதங்களை ஐரோப்பியப் பட்டறைகளில்தான் வாங்க வேண்டுமா, அமெரிக்காவிலும் வாங்கலாமா என்று பாரிஸுக்கும் பெர்லினுக்கும் தர்க்கம் மூண்டுவிட்டது.