அம்மை இறங்கிய பிறகு

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையை வடசென்னையில் அறியாதவர்கள் குறைவு. காலரா, தொண்டை அடைப்பான், அம்மை, வெறிநாய்க்கடி என்று ஊர் பயந்த நோய்களெல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்த இடம். 2020இல் கொரோனாவும் வந்தது. மாநகராட்சி நடத்தும் அந்த மருத்துவமனைக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நுழைகிறவர்களுக்கு ஒரே நினைப்புதான்: எப்போது வெளியே போவோம்? "கூட்டிட்டுப் போகலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக நேர்ந்துகொண்டு, நோயை அத்துடன் மறந்துவிடுவார்கள்.

மறப்பதில்தான் சிக்கல். சில வைரஸ் நோய்கள் டிஸ்சார்ஜ் ஆன பிறகும் பிள்ளையின் உடம்பை விடுவதில்லை. மாதங்கள் கழித்து, சில சமயம் பத்து வருடம் கழித்து, வேறு முகத்தோடு வருகின்றன. அப்போது எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு அந்தப் பழைய காய்ச்சலைச் சொல்ல ஆள் இருக்காது, காகிதமும் இருக்காது.

மணல்வாரிதானே என்று விடுவது

பெரியம்மைக்கும் சின்னம்மைக்கும் பயந்த அளவு நம் வீடுகள் தட்டம்மைக்குப் பயந்ததில்லை. மணல் தூவியது போல உடம்பெங்கும் சிவந்து, நாலைந்து நாளில் மங்கிவிடும். அதனால் "மணல்வாரிதானே" என்றொரு அலட்சியம். தொற்றும் வேகத்தில் இதை மிஞ்சும் நோய்கள் அரிது: எதிர்ப்புச்சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு பிள்ளையிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் போகும். கொருக்குப்பேட்டை, நேதாஜி நகர் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

வாசலில் வேப்பிலை செருகுவதும், அம்மை போட்ட வீட்டுக்கு வெளியாட்கள் வராமல் இருப்பதும் நல்ல பழக்கம்தான். பழைய காலத்துத் தனிமைப்படுத்தல் அது. ஆனால் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே நோய் பரவத் தொடங்கிவிடுகிறது. வேப்பிலை செருகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது போயிருக்கலாம்.

எனக்கு உறுத்துவது பத்தியம். தாளிக்கக் கூடாது, எண்ணெய் கூடாது, முட்டை, மீன் வாசமே ஆகாது என்று ஏற்கெனவே மெலிந்த பிள்ளையை ஒரு வாரம் கஞ்சியிலேயே வைக்கிறோம். தட்டம்மை உடம்பிலுள்ள வைட்டமின் ஏ சத்தைக் கரைத்துவிடும். கருவிழி வறண்டு, புண்ணாகிப் பார்வை போன பிள்ளைகள் ஒரு காலத்தில் நம் நாட்டில் ஏராளம். அதனால்தான் தட்டம்மை வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வயதைத் தாண்டியவர்களுக்கு ஒவ்வொரு நாளும் 2 லட்சம் யூனிட். அதற்குக் கீழே வயதைப் பொறுத்து அளவு குறையும். இதை டாக்டரோ செவிலியரோதான் கொடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரி என்று காத்திருக்கும் வீட்டில் இந்த இரண்டு நாளும் வீணாகிவிடுகிறது. அம்மனுக்கு வேண்டிக்கொண்டே டாக்டரிடமும் போகலாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

காது இன்னொன்று. நடுக்காதில் சீழ் பிடிப்பது தட்டம்மையில் சகஜம். பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லை, டிவியைச் சத்தமாக வைக்கிறது என்றால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாமல் காதைப் பரிசோதிக்க வேண்டும்.

அடிக்கடி சளி, அடிக்கடி பேதி

"அம்மை வந்துபோனதிலேருந்து புள்ளைக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு வருது" என்று தாய்மார் சொல்வதைப் பல காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. அவர்கள் சொன்னது சரி. தட்டம்மை வைரஸ், உடம்பின் எதிர்ப்பு நினைவைத் தாங்கும் அணுக்களையே தாக்குகிறது. மளிகைக் கடைக் கணக்கு நோட்டில் பாதிப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் யார் கடன்காரர் என்று எப்படித் தெரியும்? முன்பு வந்துபோன கிருமிகளை உடம்பு அப்படித்தான் அடையாளம் தெரியாமல் விடுகிறது. தடுப்பூசி போடாத நெதர்லாந்துப் பிள்ளைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2019இல் வெளியானது. அவர்களிடம் முன்பு இருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. இந்தப் பலவீனம் இரண்டு, மூன்று ஆண்டு வரை நீளலாம் என்று அதற்கு முந்தைய ஆய்வுகள் காட்டின. ஆகவே தட்டம்மை வந்த பிள்ளைக்கு அந்த இரண்டு, மூன்று வருடம் நிமோனியா, வயிற்றுப்போக்கு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். விட்டுப்போன மற்ற தடுப்பூசிகளையும் போட்டு முடிக்க வேண்டும்.

எட்டு வயதில் கை நழுவும் டம்ளர்

இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே இந்தப் பகுதிதான்.

நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ திடீரெனப் பின்தங்குகிறது. கையெழுத்து கோணுகிறது. எரிச்சல், மறதி. டீச்சர் கவனமில்லை என்கிறார். வீட்டில் செல்போனைக் குறை சொல்கிறோம், இரண்டு அடியும் விழுகிறது. சில வாரம் கழித்து கையிலிருக்கும் டம்ளர் நழுவுகிறது. நடக்கும்போது ஒரு நொடி உடம்பு வெட்டி, தலை தொங்கி, பிள்ளை விழுகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே வெட்டு. காக்கா வலிப்பு என்று மாத்திரை, காத்துக்கருப்பு என்று மந்திரிப்பு. இதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

இது எஸ்.எஸ்.பி.இ. என்ற மூளை நோயாக இருக்கலாம். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த தட்டம்மையின் வைரஸ் மூளையில் ஒடுங்கிக் கிடந்து, பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுகளுக்குப் பிறகு தலையெடுக்கிறது. இடைப்பட்ட காலத்தில் பிள்ளை முழு ஆரோக்கியமாக இருந்திருக்கும். இதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. மிக அரிது என்றே முன்பு நினைத்தார்கள். கலிஃபோர்னியாவில் பழைய பதிவுகளை வைத்து 2017இல் வெளியான கணக்கு அந்த நினைப்பைக் கலைத்தது: ஐந்து வயதுக்குள் தட்டம்மை வந்தவர்களில் 1,367 பேருக்கு ஒருவர், ஒரு வயதுக்குள் வந்தவர்களில் 609 பேருக்கு ஒருவர்.

மூளை மின்னலைப் பதிவும், முதுகுத் தண்டு நீரில் தட்டம்மை எதிர்ப்பொருள் பரிசோதனையும் நோயை உறுதிப்படுத்தும். குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. சில மருந்துகள் சிலரிடம் வேகத்தைக் குறைக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். பிறகு ஏன் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும்? வெட்டுகளைக் கட்டுப்படுத்தும் மருந்து பிள்ளையின் வேதனையைக் குறைக்கும். பொய் நம்பிக்கை விற்கிறவர்களிடம் நகையை அடகு வைத்துக் கொட்டாமல் குடும்பம் தப்பும். "என் பிள்ளையை அடிச்சேனே" என்று பின்னால் அழவும் வேண்டியிருக்காது.

அதனால் ஒரு சின்ன வேலை. தட்டம்மை வந்த மாதம், வருடம், அப்போது பிள்ளைக்கு என்ன வயது என்பதைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை வெள்ளம் புகாத உயரத்தில் வையுங்கள். நம் பகுதியில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"ஊசி போட்டாங்க, கால் போச்சு"

தட்டம்மையைப் போலவே பல வருடம் கழித்தும் விடாத இன்னொரு நோய் போலியோ. வடசென்னையில் நாற்பது, ஐம்பது வயதில் காலை ஊன்றி நடக்க முடியாதவர்களைக் கேட்டால் பலர் இதையே சொல்வார்கள்: சின்ன வயதில் காய்ச்சல் வந்தது, ஊசி போட்டார்கள், மறுநாள் கால் விளங்கவில்லை. படிப்பில்லாதவர்களின் பேச்சு என்று தள்ளினார்கள். அதில் உண்மை இருந்தது. போலியோ வைரஸ் உடம்பில் இருக்கும்போது தசையில் போடும் ஊசி, அந்தக் கை காலை முடக்கத்துக்குத் தள்ளலாம். தேவையில்லாத ஊசிகளுக்கும் போலியோ முடக்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1992இல் இந்திய அனுபவத்தை வைத்தே ஆய்வுக் கட்டுரை வந்தது. காய்ச்சல் என்றதும் ஊசி கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை.

தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு போலியோ இல்லை. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் தாக்கிய நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். ஆனாலும் அன்று தப்பியவர்களுக்கு நோய் முடியவில்லை. 15 முதல் 40 ஆண்டுகளுக்குப் பிறகு, தேறிய தசைகளிலும் புதிதாகப் பலவீனம், வலி, தாங்க முடியாத அசதி வரலாம். செத்த நரம்பணுக்களின் வேலையையும் சேர்த்துச் சுமந்த மற்ற அணுக்கள் களைத்துப்போவதே காரணம் என்கிறார்கள். "வயசாயிடுச்சு" என்று விடவும் கூடாது, வைராக்கியமாக அதிகம் நடந்து சரிசெய்யப் பார்க்கவும் கூடாது. அதிக உழைப்பு கெடுதல்.

தடுப்பூசி பயத்துக்கும் காரணம் இருந்தது

2008 ஏப்ரலில் பக்கத்து திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. மாநிலமே அதிர்ந்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகள் எளிதாகப் பற்றிக்கொண்டதற்கு அந்தப் பழைய நினைவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பயந்த தாயைத் திட்டிப் பயனில்லை. அவள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தடுப்பூசியால் எஸ்.எஸ்.பி.இ. வருவதில்லை. அந்தப் பிள்ளைகளின் மூளையில் கிடைத்தது இயற்கையாகத் தொற்றும் வைரஸ்தான். முதல் தவணை 9 முதல் 12 மாதத்தில், இரண்டாவது 16 முதல் 24 மாதத்தில். அரசு மையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒன்பது மாதம் ஆகாத கைக்குழந்தைக்கு, சுற்றியுள்ள பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான் காவல்.

யார் வேலையை விடுவது

பிள்ளை படுத்தால் யார் வேலையை விடுவது என்ற கேள்வி பேசாமலேயே முடிவாகிவிடுகிறது: அம்மா நிற்கிறாள். மீன் விற்கப் போன, வீட்டு வேலைக்குப் போன வருமானம் நிற்கிறது. துறைமுகத்திலோ காசிமேட்டிலோ தினக்கூலிக்குப் போகும் அப்பா லீவு போட்டால் அன்றைய சோறு இல்லை. அடுத்தது மூத்த பெண்ணின் பள்ளி. "தம்பியைப் பார்த்துக்கோ" என்று நாலு நாள் நின்றவள், பிறகு போவதேயில்லை. இதற்கிடையில் "ஊசி போடாம விட்டது நீதானே" என்ற பேச்சு வேறு. நோயாளி அட்டையில் இவர்கள் யாருடைய பெயரும் ஏறாது.

உதவிகள் இருக்கின்றன, கேட்டால்தான் கிடைக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்த பிறகு, கடுமையான பாதிப்பு இருந்தால் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனுப்போடலாம். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகின்றன. அவர்கள் வரும் நாளில் பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள். பல வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து அது நகரத்தின் மறுகோடி, உட்கார முடியாத பிள்ளையோடு போய்வர ஒரு நாள் கூலி போகும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை பக்கம்: மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறினால் போதும். முதல் தடவை போகும்போது தடுப்பூசி அட்டை, பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு உடம்பு வெட்டுவதை செல்போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தால், பத்து நிமிடம் விவரிப்பதைவிட டாக்டருக்கு அது உதவும்.