சூரிய மின்சாரம் படிக்க நம் பிள்ளைகளும் போகலாம்

காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் கொல்லிமலை. சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது இந்த மலைப் பெண்களின் தீராத பாடாக இருந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் சுய உதவிக் குழுக்களுக்கு உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தன, பாடு குறைந்தது. ஆனால் கரண்ட் இல்லாவிட்டால் இயந்திரமும் உரல் மாதிரி சும்மா கிடக்கும். இதே மலையில் 20 மெகாவாட் நீர்மின் திட்டத்தை மின்வாரியம் கையில் எடுத்துப் பல ஆண்டுகளாகிறது. ஆற்றில் நீர் குறையுமோ என்பது அடிவார விவசாயிகளின் கவலை. எந்த ஓடையைத் திருப்புவது, யாருக்கு மின்சாரம் என்று முடிவு செய்யும் மேசையில் மலையாளி பழங்குடி வீட்டுப் பொறியாளரோ, சேரி வீட்டுப் பொறியாளரோ இருக்கிறாரா என்பதே நம் கேள்வி.

மின்சாரத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கரிடம்தான் மின்சாரமும் பாசனமும் இருந்தன. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்காமல் தொழில் வளராது, வறுமையும் போகாது என்று 1943 அக்டோபரில் டெல்லியில் நடந்த கூட்டத்தில் வாதாடினார். அவரே 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில், மாதம் பதினொன்றரை பவுனில், நியூயார்க் போய்ப் படித்தவர்.

இன்று அப்படி ஒரு வாசல் ஐரோப்பாவில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் ‘டென்சிஸ்’ என்றொரு இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு. பெரிய அனல்மின் நிலையத்தை நம்பாமல், சூரிய ஒளி, காற்று போன்றவற்றைக் கொண்டு ஊருக்கு ஊர் மின்சாரம் தயாரித்துப் பங்கிடுவது எப்படி என்பதே பாடம். மலைக்கிராமத்துக்கென்றே எழுதியது போல இருக்கிறது! பிரான்சின் லொரேன் பல்கலைக்கழகம் தலைமையில் ஸ்டாக்ஹோம், டூரின், பார்சிலோனா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது. எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் படிப்புக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ தருவார்கள். வயது வரம்பும் இல்லை. தொடர்புள்ள பொறியியல் பட்டமும் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்கு மட்டும் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அதுவே பெரிய மலை.

நம் அரசுகளின் உதவி? பட்டியல் சாதி மாணவர்களை முதன்மையாகக் கொண்ட மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு ஆண்டுக்கு 125 இடம். 2025-ல் 106 பேரைத் தேர்வு செய்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் தற்காலிகக் கடிதம் கொடுத்தார்கள். மற்ற 66 பேருக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். விமான டிக்கெட் எடுக்கும் நேரத்தில் சொல்லும் பேச்சா இது? பழங்குடியினருக்கு நாடு முழுவதற்கும் சேர்த்தே 20 இடம்தான். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் இருவருக்கும் பொருந்தும். நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் சாதிச் சான்று. ஆதிதிராவிடருக்கு வட்டாட்சியர் தருவார். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை முடிந்து கைக்கு வருவதற்குள் கல்லூரிச் சேர்க்கையே முடிந்துபோன வீடுகள் நமக்குத் தெரியும். எராஸ்மஸ் விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி ஜனவரி வாக்கில் முடிந்துவிடும். இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. ஆகவே பாஸ்போர்ட்டுக்கும் சான்றுக்கும் மூன்றாம் ஆண்டிலேயே எழுதிப் போடுங்கள்.