முன்பாரம், பின்பாரம், நடுவே ஓர் ஆணி

முதுகுளத்தூரிலிருந்து பரமக்குடிக்குப் போகும் சாலையில், கரிமூட்டை ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் நெடுந்தூரம் பிரயாணம் செய்ய நேர்ந்தவர்களுக்கு ஒரு சப்தம் நன்றாகப் பரிச்சயமாகியிருக்கும். ஓட்டுபவர் வேகத்தைக் கூட்டும்போது ‘டணக்’ என்றும், குறைக்கும்போது மறுபடியும் ‘டணக்’ என்றும், ஏதோ பழங்கோயிலில் யாரோ ஒருவர் நேரங்காலம் இல்லாமல் மணியடிப்பதுபோல் அது ஒலித்துக்கொண்டே இருக்கும். மாசி மாதத்து முற்பகல் ஒன்றில் நானும் அந்தச் சப்தத்தைத் தொடர்ந்தே சென்றேன். டிராக்டர் சாலையோரத்து லேத் பட்டறை ஒன்றின் முன் நின்றபோது, என் வண்டியையும் வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு, வேடிக்கை பார்க்கும் சுபாவத்தை அடக்கமாட்டாமல் இறங்கினேன்.

இந்தச் சீமையில் டிராக்டர் என்பது உழுகிற யந்திரம் மட்டும் அன்று. தை பிறந்தால் நெல்லையும், மாசி பங்குனியில் முண்டு மிளகாயையும், வருஷம் முழுவதும் சீமைக்கருவேலங்கரியையும் சுமந்து செல்வதற்கு அதைவிட்டால் வேறு கதி இல்லை. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயும் காட்டிலிருந்து களத்துக்கும், களத்திலிருந்து கமிஷன் மண்டிக்கும் போவது பெரும்பாலும் இந்த டிரெய்லர்களின் முதுகில்தான். இன்று டிரெய்லரை இழுக்கும் அதே டிராக்டர் நாளை கரிசல் மண்ணில் கலப்பையை இழுத்தாக வேண்டுமாதலால், இரண்டையும் சேர்க்கும் இடம் நிமிஷத்தில் கழற்றவும் நிமிஷத்தில் மாட்டவும் கூடியதாக இருப்பது அவசியமாகிறது. டிராக்டரின் பின்புறத்து இரும்புத் தாடை, டிரெய்லரின் டோ பார் நுனியில் இருக்கும் கண், இவ்விரண்டையும் ஊடுருவி நிற்கும் ஒரு பின்: ஐந்தாறு டன் பாரத்தின் யோகக்ஷேமம் அந்தப் பின் ஒன்றையே நம்பி இருக்கிறது.

இது நமக்குப் புதிய சாஸ்திரம் அன்று. மாட்டுவண்டியின் ஏர்க்கால் எதுவோ, அதுவே டிரெய்லரின் டோ பார். வண்டிக்காரர்கள் பாரம் ஏற்றும்போது முன்பாரம் என்றும் பின்பாரம் என்றும் இரண்டு சொற்களை ஓயாமல் உபயோகிப்பார்கள். சுமை முன்னே மிகுந்தால் நுகத்தடி மாட்டின் பிடரியை அழுத்தும். பின்னே மிகுந்தால் ஏர்க்கால் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். ஆகவே, சற்றே முன்பாரமாக ஏற்றி, ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்துத் திருப்தியடைந்த பிறகே மாட்டைப் பூட்டுவது அவர்களுடைய வழக்கம். மாட்டுக்கு வாய் இல்லாவிட்டாலும் வலி உண்டு. அது தலையை உதறினால் வண்டிக்காரருக்கு விஷயம் விளங்கிவிடும். இரும்புக்கு அந்த வலியும் இல்லாததால், ‘டணக்’ என்ற சப்தம் ஒன்றுதான் அதன் பாஷை.

பட்டறைக்காரர், வயது அறுபதுக்கு மேல் இருக்கும், பின்னை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். நேராக இருந்திருக்க வேண்டிய அதன் நடுப்பகுதி இடுப்பு ஒடுங்கிக் கிடந்தது. பிறகு டோ பாரின் கண்ணுக்குள் விரலை விட்டுச் சுழற்றினார்.

“ஓட்டை முட்டை மாதிரி ஆயிருச்சு, தம்பி. எத்தனை மாசமாச் சத்தம் வருது?”

“பொங்கலுக்கு முன்னாடியிருந்தே வருதுண்ணே. லேசான ஆட்டந்தானேன்னு ஓட்டிட்டேன்.”

அந்த ‘லேசான’ என்ற சொல்லில்தான் அபாயமெல்லாம் அடங்கியிருக்கிறது. ஆணியின் தலைமீது சுத்தியலை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் அது மரத்தில் இறங்குவதில்லை. அதே சுத்தியலைச் சிறிது தூரம் ஓங்கி அடித்தால் இறங்கிவிடுகிறது. பின்னுக்கும் கண்ணுக்கும் இடையே இடைவெளி இல்லாத மட்டும் பாரம் வெறுமனே இழுக்கிறது. இடைவெளி உண்டான கணத்திலிருந்து அது அடிக்கிறது. ஒவ்வோர் அடியும் ஓட்டையைச் சிறிது நீட்டுகிறது. நீண்ட ஓட்டை அடுத்த அடிக்கு அதிக ஓங்கலைத் தருகிறது. தேய்மானம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வட்டிக் கணக்கு இது.

ரயில் வண்டிகள் இந்தப் பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்றன. 1830இல் திறக்கப்பட்ட லிவர்பூல் மான்செஸ்டர் ரயில் பாதையில் பெட்டிகளைத் தளர்ந்த சங்கிலிகளால் பிணைத்திருந்தபோது, ஒவ்வொரு புறப்பாட்டிலும் பிரயாணிகள் குலுக்கி எறியப்பட்டார்கள். அந்தக் கம்பெனியின் காரியதரிசியாக இருந்த ஹென்றி பூத் என்பவர், திருகி இறுக்கும் இணைப்பு ஒன்றைக் கண்டுபிடித்து 1836இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவிலோ, நம் டிராக்டரில் இருப்பதைப் போன்றே வளையமும் பின்னுமாக அமைந்த இணைப்பை, நகர்ந்து வரும் பெட்டிகளுக்கு இடையே நின்று கையால் பொருத்த வேண்டியிருந்ததால், விரலையும் உயிரையும் இழந்த தொழிலாளர்கள் அநேகம் பேர். வளைத்த விரல்களை ஒன்றோடொன்று கோத்தாற்போல் தாமாகவே கவ்விக்கொள்ளும் இணைப்புக்கு ஈலை ஜானி 1873இல் காப்புரிமை பெற்றும், தானியங்கி இணைப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் 1893இல்தான் பிறந்தது.

அப்படியானால் டிராக்டரும் ஏன் அந்தப் பின்னை விட்டொழிக்கவில்லை என்று கேட்கலாம். தண்டவாளம் சமதளத்தில் ஓடுகிறது. டிராக்டரோ வரப்பில் ஏறி, வாய்க்காலில் இறங்கி, கண்மாய்க் கரையில் ஒரு சக்கரம் மேடும் ஒரு சக்கரம் பள்ளமுமாக நகர்கிறது. முன்வண்டி ஒரு பக்கம் சாயும்போது பின்வண்டி மறுபக்கம் சாய இடம் இருந்தாக வேண்டும். ஆட்டம் பொறுக்காத சிலர் இணைப்பையே வெல்டிங் வைத்து மூடிவிட நினைப்பதும், கண்ணுக்குள் துண்டு இரும்பைத் திணித்துவிடுவதும் இதனாலேயே விபரீதமாகின்றன; திரும்ப வழியில்லாத டோ பார் திருப்பத்தில் முறியும். மூட்டு அசைய வேண்டும், ஆனால் தொளதொளக்கக் கூடாது. நம் முழங்காலின் தர்மம் எதுவோ, இதன் தர்மமும் அதுவே.

கடல் கடந்து வாழும் நம்மவர்கள் காருக்குப் பின்னால் மாட்டுகிற கழற்றக்கூடிய டோ பாரிலும் சங்கதி வேறு அல்ல. ஐரோப்பியக் கார்களில் அதன் நுனியில் இருக்கும் உருண்டைக்கு விட்டம் 50 மில்லிமீட்டர். அது தேய்ந்து 49 ஆகிவிட்டால் தள்ளிவிட வேண்டியதுதான். ஆட்டம் என்பது அங்கே ஒரு மில்லிமீட்டர். உருண்டையின் கழுத்தைச் சொருகும் குழலில் மண்ணும் துருவும் சேர்ந்தால் பூட்டு முழுவதும் விழாது. பல வகைகளில் பூட்டு சரியாக விழுந்தாலன்றிச் சாவியை எடுக்க முடியாதபடி அமைத்திருப்பது, மனிதனுடைய அலட்சியத்தை முன்கூட்டியே அறிந்து செய்த ஏற்பாடு.

நமது டிராக்டருக்கு அத்தகைய சாவி இல்லை. ஓட்டுபவருடைய ஜாக்கிரதையே சாவி. கட்டடக் கம்பியை அறுத்துப் பின்னாக்கக் கூடாது. மரை உள்ள போல்ட்டையும் போடலாகாது, ஏனெனில் மரையின் பள்ளங்களில்தான் முதல் வெடிப்பு விழும். பின்னின் அடியில் கிளிப் இருக்க வேண்டும். அது இல்லாத பின், குலுங்கிக் குலுங்கி மேலே எழும்பி ஒரு நாள் வெளியே குதித்துவிடும். தாடையிலிருந்து டோ பாருக்கு இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகக் கட்டிவிட்டால், பின் கழன்று போனாலும் டோ பார் தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் தங்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் தனியே பதிவு செய்யவேண்டிய வாகனமாகவே கருதுகிறது. ஆனால் இவ்வளவு பாரத்தைச் சுமந்தும் தனக்கென பிரேக் இல்லாத டிரெய்லர்கள் நம் சாலைகளில் அநேகம். கழன்ற டிரெய்லருக்கு எதிரே வருபவன் யார் என்ற பேதம் தெரியாது.

மதியத்துக்குள் பட்டறைக்காரர் கண்ணை வட்டமாகக் கடைந்து, புஷ் இறக்கி, அதற்கு ஏற்ற புதுப் பின்னைப் பொருத்திவிட்டார். டிராக்டர் ஓட்டிவந்த இளைஞர் டோ பாரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார், சப்தம் இல்லை. பணத்தை நீட்டியபோது பெரியவர் அதை வாங்காமல் டிரெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டைகள் பின்தட்டுக்கு வெளியேயும் பிதுங்கி நின்றன.

“இப்படிப் பின்பாரமா ஏத்துனா, இந்தப் புஷ்ஷும் மூணு மாசந்தான் தம்பி. எங்கப்பா காலத்து மாடா இருந்தா, இந்நேரம் படுத்திருக்கும்.”

இளைஞர் ஒரு கணம் யோசித்தார். பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். நான் புறப்படும்போது நான்காவது மூட்டையை முன்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். கரித்தூள் வேப்பமரத்து இலைகளின்மேல் படிந்துகொண்டிருந்தது.