அண்டாவிலிருந்து பொட்டலத்துக்கு

2020 டிசம்பரில் சென்னை ஐஐடி வளாகத்தில் 100-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கொரோனா தொற்று உறுதியானது. விடுதிகளில் அப்போது தங்கியிருந்தவர்களே 700 சொச்சம் பேர்தான். அவர்களுக்காக இயங்கியது ஒரே ஒரு மெஸ். எல்லோருடைய சந்தேகமும் அங்கேதான் போய் நின்றது. ஆய்வகத்தில் முகக்கவசம் போட்டுக்கொள்ளலாம். சாம்பார் சாதத்தை வாயில் வைக்கும்போது போட முடியுமா? அதன்பின் சாப்பாடு பொட்டலமாகி அறைக்கே போனது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சமையற்கட்டுக்கு இது தலைகீழ் மாற்றம். சாப்பிடுகிறவர் பாத்திரத்தைத் தேடி வருவார் என்று நம்பித்தான் மெஸ்ஸின் கருவிகள் எல்லாம் அமைந்திருக்கின்றன. பெரிய அண்டா, வெந்நீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் பரிமாறும் தட்டுகள், நீளக் கரண்டி. எதுவும் இடம்விட்டு நகர வேண்டியதில்லை. பெருந்தொற்று அவற்றை நடக்கச் சொன்னது.

50 லிட்டர் சாம்பார் ஒரே அண்டாவில் இருந்தால் மணிக்கணக்கில் சூடு தாங்கும். அதையே 200 மில்லி கிண்ணங்களில் ஊற்றினால் 250 கிண்ணம் வரும். ஒவ்வொன்றும் தன் அளவுக்கு ஏற்ற புறப்பரப்போடு இருக்கும். கணக்குப் போட்டால், ஒரே வடிவப் பாத்திரங்களில், ஒவ்வொரு லிட்டருக்கும் வெளியே தெரியும் பரப்பு ஏறக்குறைய 6 மடங்காகிவிடுகிறது. சூடு ஓடிப்போவதற்கு அத்தனை கதவுகள். திறந்த பாத்திரமென்றால் ஆவியே பெருமளவு வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஆறிய சாப்பாடு ருசிக்காது என்பதோடு விஷயம் முடிந்தால் சகித்துக்கொள்ளலாம். 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரைக்கும் உள்ள இடைவெளி பாக்டீரியாக்களின் சொந்த ஊர். வசதியான சூட்டில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 4 மணி நேரத்தில் 12 முறை. ஒன்று 4,096 ஆகிவிடும். சோற்றில் வழக்கமாகக் காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் இன்னும் பொல்லாதது. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் முளைத்துப் பெருகி, வாந்தி வரவழைக்கும் நச்சைச் சுரக்கும். அந்த நச்சு உருவாகிவிட்டால் மறுபடி சூடுபண்ணியும் பயனில்லை.

ஆனால் அந்த நாட்களில் நாம் பயந்தது உள்ளே இருந்த சோற்றுக்கு அல்ல, மேலே இருந்த மூடிக்கு. பிளாஸ்டிக்கின் மேல் 72 மணி நேரம் வரை, அட்டையின் மேல் 24 மணி நேரம் வரை வைரஸ் தாக்குப்பிடிக்கிறது என்று 2020 மார்ச்சில் வெளியான ஆய்வு சொன்னதும், பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டாத வீடு குறைவு. என் வீடும் விதிவிலக்கல்ல. ஓராண்டு கழித்து, 2021 ஏப்ரலில், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், பரப்புகளைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்றது. தொற்று காற்றில் வந்தது. ஆகவே மெஸ்ஸில் கூட்டம் சேராமல் தடுத்தது சரி. மூடியைத் துடைப்பதில் காட்டிய அக்கறையில் பாதியைச் சூட்டைக் காப்பதிலும் காட்டியிருக்கலாம்.

அதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ஐஸ் வைக்கிற தடித்த சுவர்ப் பெட்டியே போதும். வெப்பக்காப்புக்குச் சூடு, குளிர் என்ற பேதம் கிடையாது. உணவை வைக்கும் முன் கொதிநீர் ஊற்றிக் கால் மணி நேரம் மூடி வைத்துக் கொட்டிவிட்டால், பெட்டியே பண்டத்தின் சூட்டைத் திருடாது. பொட்டலங்களை இடைவெளியில்லாமல் நெருக்கி அடுக்க வேண்டும். 50 கிண்ணங்கள் ஒட்டி உட்கார்ந்தால், வெப்பத்தின் கணக்கில் அவை மறுபடியும் ஓர் அண்டா. தயிருக்குத் தனிப் பெட்டி. சோற்றோடு சேர்த்து வைத்தால் இரண்டுமே இரண்டுங்கெட்டான் சூட்டுக்கு வந்துவிடும். வடையை மட்டும் என்ன செய்வது? மூடினால் ஆவியில் ஊறி நமுத்துப்போகும், திறந்தால் ஆறிவிடும். வடையை விட்டுக்கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

வசதியுள்ள இடங்களில் இயந்திரங்கள் வந்தன. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2019 ஜனவரியிலேயே 25 ஸ்டார்ஷிப் ரோபோக்கள் சாப்பாடு கொண்டுபோகத் தொடங்கியிருந்தன. ஆறு சக்கரம், மனிதர் வேகமாக நடக்கும் வேகம், சாப்பாட்டுக்குச் சொல்லியனுப்பியவரின் கைபேசி கட்டளையிட்டால்தான் திறக்கும் மூடி. அதுவரை வேடிக்கைப் பொருளாகப் பார்க்கப்பட்டது பெருந்தொற்றில் வேலைக்காரனானது. கேரளத்தின் களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியில் 2020 ஏப்ரலில் கர்மிபாட் என்ற ரோபோ கொரோனா வார்டுக்குள் உணவும் மருந்தும் எடுத்துச் சென்றது. ரோபோவின் பெரிய தகுதி, அது மூச்சு விடாது என்பதுதான். ஆனால் ஸ்டார்ஷிப் வண்டி மாடிப்படி ஏறாது. வாசலோடு அதன் பயணம் முடிந்துவிடும். நம் விடுதிகளில் ஒரு தள்ளுவண்டியும், அறை வாசலில் பொட்டலத்தை வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு நகரும் ஓர் ஆளும் அதே வேலையைச் செய்துவிடுவார்கள்.

விடுதி மெஸ் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உணவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அடைத்த நேரத்தைப் பேனாவால் எழுதி அனுப்புங்கள்.