எண்ணெயில் மிதக்கும் டர்போ

பத்து வருஷம் ஓடிய தன் பெட்ரோல் காரில் டர்போ மாட்டித் தருவதாக ஒரு பட்டறைக்காரர் சொல்கிறார், மாட்டலாமா என்று கோவை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாக மாட்டலாம், வண்டியும் பறக்கும். எத்தனை மாதம் பறக்கும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

புகை வேகத்தில் ஒரு சக்கரம் சுழல, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் ஏற்பாடு வாசகர்களுக்குப் புதிதல்ல. ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிஸ் பொறியாளர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை கேட்டுவிட்டார். 1920-களில் அவருடைய முறையைப் பொருத்திய இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் டீசல் எஞ்சினின் திறன் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500-க்கு ஏறியது. கப்பலில் எஞ்சினைக் கவனிக்கவென்றே ஆட்கள் உண்டு. காரில் யார் இருக்கிறார்கள்?

அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துப் படித்தது. 1962-இல் அது கொண்டுவந்த ஜெட்ஃபயர் காரில் 3.5 லிட்டர் அலுமினிய வி8 எஞ்சினும் அதன் தலையில் ஒரு டர்போவும் இருந்தன. திறன் 215 குதிரைத்திறன், அந்தக் காலத்துக்குப் பெரிய பெருமை. ஆனால் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதத்தைக் குறைக்காமல் 10.25-லேயே விட்டுவிட்டார்கள். அதனால் வரும் நாக்கிங்கை அடக்க, காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து காற்றோடு பீய்ச்சினார்கள். தொட்டி காலியானால் டர்போ அழுத்தத்தைக் குறைத்துவிடும் வால்வும் வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் யோசித்தவர்கள், மாதாமாதம் தொட்டியை யார் நிரப்புவார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. உரிமையாளர்கள் நிரப்பவில்லை. புகார்கள் குவிய, கடைசியில் பல கார்களில் விற்பனையாளர்களே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தார்கள்.

அந்தத் திரவத்துக்கு ஏன் அவ்வளவு அவசியம்? காற்றை அழுத்தினால் சூடாகும். 30 டிகிரிக் காற்றை வளிமண்டல அழுத்தத்தைப் போல 1.7 மடங்குக்கு ஒரு டர்போ அழுத்தினால், வெளியே வரும்போது அது ஏறக்குறைய 100 டிகிரி. அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போய் மேலும் அழுத்தப்படும்போது, ஸ்பார்க் பிளக்கின் தீ வந்து சேரும் முன்பே ஓரத்தில் இருக்கும் கலவை தானாக வெடிக்கிறது. இதுதான் நாக்கிங். பிஸ்டன் வளையங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய விளிம்பை உடைக்க இது போதும். ஆலையிலேயே டர்போவோடு பிறக்கும் எஞ்சினுக்குக் கம்ப்ரஷனைக் குறைத்து, பிஸ்டனை உறுதியாக்கி, அதன் அடிவயிற்றில் ஆயில் பீய்ச்சி, இன்டர்கூலரும் பெரிய ரேடியேட்டரும் கொடுத்து அனுப்புகிறார்கள். பட்டறைக்காரர் மாட்டுவது டர்போவை மட்டும்தான்.

எனக்கு மிகப் பிடித்த இடம் டர்போவின் நடுவில் இருக்கிறது. கார் டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுச் சுற்றுவது சாதாரணம். ஐந்து சென்டிமீட்டர் சக்கரமாக இருந்தால், அந்த வேகத்தில் அதன் விளிம்பு ஒலியையே முந்துகிறது. இதைத் தாங்குவது பெரும்பாலான டர்போக்களில் பால் பேரிங் இல்லை, வெறும் புஷ்தான். அந்தப் புஷ்ஷும் இறுக்கமாக உட்காருவதில்லை. தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஓர் ஆயில் படலம், புஷ்ஷுக்கும் கூட்டுக்கும் நடுவே இன்னொன்று. தண்டு சுற்ற, புஷ்ஷும் தன் பங்குக்கு மெதுவாகச் சுற்றுகிறது. ஓடும்போது உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. அதனால்தான் நின்றிருக்கும் டர்போவின் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் கொஞ்சம் ஆடும். அதைப் பார்த்து ‘புஷ் போச்சு சார், மாத்திடலாம்’ என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. அளவோடு இருக்கும் அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. பயப்பட வேண்டியது தண்டு முன்னும் பின்னும் நகர்ந்தால்தான்.

இன்னொரு விநோதம், ஆயில் கசியாமல் காக்க அங்கே ரப்பர் சீல் கிடையாது. அந்தச் சூட்டில் ரப்பர் நிற்காது. பிஸ்டன் வளையம் போன்ற சிறு வளையங்களும், இருபக்கத்து அழுத்தமும்தான் காவல். வேலை முடித்த ஆயில் தன் எடையாலேயே கீழே இறங்க வேண்டும். அந்தக் குழாய் நசுங்கியோ அடைத்தோ இருந்தால் ஆயில் தேங்கிச் சக்கரங்களின் பக்கம் தள்ளும், நீலப்புகை வரும். பழி டர்போ மேல் விழும். புது டர்போ வரும், அதுவும் புகைக்கும்.

தண்டு மிதப்பது ஆயிலில் என்றால், ஆயிலைக் கெடுப்பது டர்போவைக் கெடுப்பது. மலையேறியோ நெடுஞ்சாலையில் விரட்டியோ வந்து நின்ற உடனே சாவியைத் திருப்புகிறோம். ஆயில் ஓட்டம் நின்றுவிடுகிறது, புகைப்பக்கத்துக் கூட்டின் சூடு மட்டும் நிற்பதில்லை. மெல்ல நடுப்பகுதிக்கு ஏறுகிறது. எங்கள் வீட்டில் தோசைக்கல்லை எண்ணெயோடு அப்படியே விட்டுவிட்டால், அணைத்த அடுப்பின் மேலேயே அது பிசினாகிக் கருகி ஒட்டிக்கொள்ளும்; அதே கருக்கு டர்போவின் ஆயில் வழியிலும் படிகிறது. இப்போது வரும் பல டர்போக்களில் தண்ணீர்க் குளிர்ச்சி உண்டு என்பதால் ஆபத்து குறைவு, இல்லாமல் போகவில்லை. ஒரு நிமிஷம் ஐட்லிங்கில் விடச் செலவாகும் பெட்ரோல் சில சொட்டுகள். அதற்குக் கணக்குப் பார்க்கிறவர்கள்தான் ஆயில் மாற்றுவதை இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்குத் தள்ளிப்போடுகிறார்கள், மலிவாகக் கிடைக்கிறதென்று டின்னில் பெயர் மட்டும் சரியாக இருக்கும் ஆயிலையும் வாங்குகிறார்கள்.

ஆக, கேள்வி கேட்டவருக்கு என் தீர்ப்பு: வேண்டாம். ஹெட் கேஸ்கெட், க்ளட்ச், கியர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகச் செலவு வைக்கும். பதிவுப் புத்தகத்தில் இருப்பதிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் குறுக்கே நிற்கிறது. வேகம் வேண்டுமென்றால் ஆலையிலேயே டர்போவோடு வந்த வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே அப்படி ஒன்று வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: டர்போ போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னால், புதிதை மாட்டும் முன் ஆயில் வரும் குழாயையும் போகும் குழாயையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.